மடிக் கிணற்றுப் பானகம்

எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் இருக்கிறது. சமையலறைச் சுவரில் நீல விளக்கு மினுக்கிக்கொண்டு நிற்கும். அதில் வடியும் தண்ணீரையும் நம்பாமல் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்துத்தான் குடிப்போம். வெளியூர் போனால் சீல் உடைக்காத பாட்டில். உயிர் மேல் அவ்வளவு ஆசை எங்களுக்கு. ஆனால் பகவானுக்கு என்று வந்துவிட்டால் தெருவுக்குப் பொதுவான சமூக மடத்துக் கிணற்று ஜலம்தான், அதுவும் பச்சையாக. குழாய்த் தண்ணீர் ஆகாது, எத்தனை பேர் கை பட்டு வருகிறதோ. கொதிக்க வைத்த தண்ணீரும் ஆகாது. ஈர வேஷ்டியோடு ஒருவர் இறைத்து ஊற்றினால் போதும், அதிலுள்ள கிருமிகள் எல்லாம் மரியாதையாக எழுந்து வெளியே போய்விடும். இதற்குப் பெயர் மடி.

வலியசாலைப் பக்கத்தில், மலையாளத்து ஊருக்கு நடுவே இருக்கிறது எங்கள் தமிழ்த் தெரு. எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன், இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன். படிக்காதவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ரிட்டயர்டு எஞ்சினீயர் இருவர், பாங்க் ஆபீசர்கள், ஒரு கெமிஸ்ட்ரி புரொபசர், அரசாங்க ஆபீஸில் காலமெல்லாம் ஃபைல் தள்ளிய நான். இத்தனை படிப்பும் ஒன்றுகூடி உட்கார்ந்து, நாலு வருஷத்துக்கு முன் மடத்தைப் புதுப்பித்தது. கக்கூஸ் எங்கே கட்டுவது என்ற கேள்வி வந்தது. எஞ்சினீயரைக் கேட்கவில்லை, வாஸ்து பார்ப்பவரைக் கேட்டோம். அவர் ஒரு மூலையைக் காட்டினார். செப்டிக் டேங்கும் அங்கேயே வந்தது. அதற்கும் கிணற்றுக்கும் நடுவே என் நடையில் பத்துத் தப்படி. எஞ்சினீயர்கள் இருவரும் தலையை ஆட்டினார்கள். தீர்மானத்தை அழகான ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தவன் நான்.

மடத்தில் பாத்திரம் தேய்க்கிற அம்மாள் என் வீட்டிலும் தெருவில் இன்னும் நாலு வீட்டிலும் வேலை செய்தாள். மலையாளி, நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் முதுகு முறிந்து படுக்கையில் கிடந்தார். இந்த ஐந்து வீடும் மடமும்தான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு. காலை ஆறரைக்கு முதல் வீட்டு மணியை அடிப்பாள். தமிழ் நன்றாகப் புரியும், பேச மாட்டாள். தெருவில் எல்லாருக்கும் அவள் மலையாளம் புரியும், அதனால் சௌகரியம்.

போன பங்குனியில் மடத்துக் கிணற்றில் நீர் மட்டம் இறங்கி, வாளியில் ஒரு வாடை வந்தது. மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு எல்லாரும் “வெய்யில் காலமோல்லியோ” என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய் லேபில் கொடுத்தேன். நாலாம் நாள் ரிப்போர்ட் வந்தது. மனிதக் கழிவிலிருந்து வரும் கிருமி கலந்திருக்கிறது, குடிக்கத் தகுதியற்றது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பத்துத் தப்படி தூரத்தை அது பத்து வார்த்தையில் சொல்லிவிட்டது.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கமிட்டி செக்ரட்டரி வீட்டுக்குப் போனேன். பாங்கில் மேனேஜராக இருந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார், பிறகு கவிழ்த்து வைத்தார்.

“ராமநவமிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. இப்போ இதைச் சொன்னா தெரு ரெண்டாப் போயிடும் ஓய். உத்ஸவம் கழியட்டும், பாத்துக்கலாம்.”

“பானகம் கரைக்கணுமே?”

“சுக்கு, ஏலக்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் போடறோமே. ஒண்ணும் ஆகாது.”

“ப்ளீச்சிங் பவுடராவது போடலாமா?”

“அபிஷேக ஜலத்திலேயா? நன்னாயிருக்கு!”

கத்தியிருக்கலாம். மடத்துப் பலகையில் ஒட்டியிருக்கலாம். ஹெல்த் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. ‘பேசப்பட்டது, விழாவுக்குப் பின் நடவடிக்கை’ என்று ரிப்போர்ட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்து ஃபைலில் போட்டேன். சர்வீஸில் அப்படித்தான் செய்வோம். அப்படிச் செய்தால் விஷயம் முடிந்துவிட்டதாக ஒரு நிம்மதி வரும். அன்றைக்கும் வந்தது, நன்றாகத் தூங்கினேன்.

ராமநவமியன்று மூன்று பெரிய அண்டாவில் பானகம். இறைத்துக் கொடுத்தவர் தொப்பலாக நனைந்து, நெற்றியில் குங்குமம் வழிய நின்றார். வெய்யில் மண்டையைப் பிளந்தது. தெரு மனிதர்கள் வந்தார்கள், பிரசாதம் என்று உள்ளங்கையில் சின்னப் பூஜைக் கரண்டியால் ஓர் உத்தரணி வாங்கி உறிஞ்சினார்கள், கையைத் தலையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சீரகத் தண்ணீர் குடித்தார்கள். டம்ளர் டம்ளராகக் குடித்தவர்கள் யார்? மேளக்காரர்கள், பந்தல்காரர்கள், வழியில் போன ஆட்டோக்காரர்கள். காலையிலிருந்து பாத்திரத்தோடு மல்லுக்கட்டிய அவள். தர்மம் செய்கிற தெரு என்று எங்களுக்கு நல்ல பெயர்.

அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றது நான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து டம்ளரை நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடி நீட்டினாள்.

“ஸாறே, ஒண்ணு கூடி.”

ஊற்றினேன். சிரித்துக்கொண்டேதான் ஊற்றினேன்.

ஒரு மாதம் கழித்து அவள் என் வீட்டுச் சமையலறையில் பாதி வேலையில் அப்படியே உட்கார்ந்தாள். கண்கள் மஞ்சளாக இருந்தன. மஞ்சள் காமாலை. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தாள். ஈரலில் நன்றாக ஏறிவிட்டது, பிழைப்பது சந்தேகம் என்று நடுவில் டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பூஜை அறைக்குப் போய் அவளுக்காக வேண்டிக்கொண்டேன். அது ஒன்றுதான் எனக்கு வரும்.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தெருவில் நாலு பேருக்கு வந்தது. உடனே கமிட்டி கூடியது. கிணற்றைப் பற்றிப் பேசத்தான் கூடினார்கள் என்று நினைத்தால் நீங்கள் எங்களை அறியாதவர். யாரால் வந்தது என்று கண்டுபிடிக்கக் கூடினார்கள். கண்டுபிடிக்கவும் செய்தார்கள்.

“மொதல்லே வந்தது அவளுக்குத்தானே? அங்கேர்ந்துதான் பரவியிருக்கு” என்றார் புரொபசர். கெமிஸ்ட்ரி படித்தவர்.

“கிணத்தடியிலேதான் பாத்திரம் தேய்க்கறா. கிணறு பின்னே எங்ஙனே சுத்தமா இருக்கும்?” என்றார் செக்ரட்டரி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என் வாயில் என்ன கொழுக்கட்டையா? நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளை இனி எந்த வீட்டிலும் சேர்ப்பதில்லை என்று தீர்மானமாயிற்று. எழுத்தில் வேண்டாம், வாய் வார்த்தையாக இருக்கட்டும் என்றார் ஒரு எஞ்சினீயர். சட்டம் தெரிந்தவர்.

பிறகு ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார். கிணற்று நீரை எடுத்துப்போனார், கழிவுதான் என்று அவருடைய பரிசோதனையும் சொன்னது. ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டி, கிணற்றை மூடி, நோட்டீஸ் ஒட்டினார். செப்டிக் டேங்கைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். தெரு அசரவில்லை. “பாத்தேளா, அவ வந்து தேய்ச்சுத் தேய்ச்சு கிணத்தையே கெடுத்துட்டா” என்றது. இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டின் தேதி அவள் படுத்த பிறகு, அதனால் வாதம் கச்சிதமாகப் பொருந்தியது.

ஆனி மாதம் ஒரு நாள் காலை ஆறரைக்கு என் வீட்டு மணி அடித்தது. வாசலில் அவள் நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள், ரவிக்கை தோளிலிருந்து நழுவியது. முந்தின நாள் மற்ற நாலு வீட்டுக்கும் போயிருக்கிறாள், கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த தெருவிலும் இந்தக் கதை போய்ச் சேர்ந்துவிட்டதால் அங்கும் வேலை இல்லை.

“ஞானா கொண்டுவந்நதெந்நு எல்லாரும் பறயுந்நு, ஸாறே.” தான்தான் நோயைக் கொண்டுவந்ததாக எல்லாரும் சொல்கிறார்களாம். ஹெல்த் இன்ஸ்பெக்டருக்கு ஒரு லெட்டர் எழுதித் தர முடியுமா, ஸார்தான் நன்றாக எழுதுவாரே, என்று கேட்டாள். நோய் அவளிடமிருந்து வரவில்லை, கிணற்றிலிருந்துதான் வந்தது என்று ஆபீஸ் சீலோடு ஒரு காகிதம் கிடைத்தால் வீடு வீடாகக் காட்டுவாளாம்.

அப்படி ஒரு காகிதம் என் அலமாரியில் இருந்தது. லெட்டர் எழுதிக்கொடுத்து அனுப்பிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பதிலே வராத லெட்டர் எப்படி எழுதுவது என்று என்னைவிடத் தெரிந்தவர் யார்? ஆனால் அந்தத் தொளதொளத்த ரவிக்கையைப் பார்க்க என்னால் முடியவில்லை. உள்ளே போய் ஃபைலைத் திறந்து ரிப்போர்ட்டை எடுத்து வந்து கொடுத்தேன். இதைக் காட்டினால் போதும், நீ படுப்பதற்கு முன்னாலேயே கிணறு கெட்டிருந்தது என்று தெரிந்துவிடும் என்றேன். ஏதோ உபகாரம் செய்கிற குரலில் சொன்னேன்.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று தெருவில் எல்லாரும் நினைத்திருந்தோம். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். தேதிக்கு வந்ததும் விரல் நின்றது.

“இது ராமநவமிக்கு முன்பல்லே?”

ஆமாம் என்றேன். அவள் ஓரத்தில் இருந்த பென்சில் குறிப்பையும் படித்தாள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும், பால் கணக்கும் மளிகை லிஸ்டும் எத்தனையோ எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

“ஸாறு அந்நு குடிச்சோ?”

நான் அன்று ஓர் உத்தரணிகூட வாயில் விடவில்லை. கரண்டி பிடித்தவனை யார் கவனிப்பார்கள்?

“இல்லை” என்றேன்.

“வீட்டில் ஆரெங்கிலும்?”

முந்தின நாளே மனைவியிடமும் மகளிடமும் சொல்லியிருந்தேன், வாங்குகிற மாதிரி வாங்கித் துளசிச் செடியில் ஊற்றிவிடுங்கள் என்று. அதையும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், திட்டவில்லை. என்னை அவ்வளவு கேவலமாக அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அது சரியான பார்வைதான்.

ரிப்போர்ட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். படி இறங்கி, கேட்டைத் திறந்து, அடுத்த வீட்டு மணியை அடித்தாள். அவர்கள் கதவைத் திறப்பது கேட்டது, அவள் காகிதத்தைப் பிரிப்பதும் கேட்டது. அதில் எழுதியிருப்பதை முதலிலிருந்து உரக்கப் படிக்கத் தொடங்கினாள்.