முதல் சவாரி எங்கள் வீட்டு ஆளுக்கு

குதிரை வண்டிக்கு இருசு செய்வது பெரிய வித்தை என்று என் கணவர் சொல்வார். செய்து முடித்த இருசின் மேல் ஏறி உட்காருவதுதான் பெரிய வித்தை என்று நான் சொல்வேன்.

இருசு என்றால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்பு அச்சு. கள்ளக்குறிச்சியில் எங்கள் லேத் பட்டறையில் அதைக் கடைந்து, முனையில் பேரிங் ஏற்றி, சக்கரத்தை மாட்டி, நட்டு முறுக்கி, கடையாணி குத்திக் கொடுப்போம். கல்யாண ஊர்வலம் போகிற சாரட்டு வண்டிக்காரர்கள்தான் முக்கால்வாசி வாடிக்கை. பொண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கும்போது நடுரோட்டில் அச்சு முறிந்தால் என்ன ஆவது? அதனால் மாமா, அதாவது என் மாமனார், பட்டறை வைத்த நாளிலிருந்து ஒரு பழக்கம். புது அச்சு மாட்டிய வண்டியில் முதல் சவாரி, செய்தவர் வீட்டு ஆள்தான் போக வேண்டும். மாமாவுக்கு முட்டி வலி. அத்தைக்குத் தலைசுற்றல். என் கணவர் ஆனந்தனுக்கு லேத்தை விட்டு நகர நேரமில்லை. மிச்சம் யார்? கான்வென்ட்டில் படித்துவிட்டு வந்த, கரப்பான் பூச்சிக்குக் கட்டில் மேல் ஏறுகிற புது மருமகள்.

புருஷனோடு சேர்த்து அவர் தொழிலுக்கும் வாக்கப்பட்ட சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம், முதல் சவாரிக்கு என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இப்போதுதான் ஓடப் பழகியிருக்கும் என் மகள் யாழினியைக் கேட்டார்கள். அவள் தூங்கிய பிறகு உட்கார்ந்து யோசித்தால், எனக்காக மட்டும் பயந்துகொண்டிருந்த அந்தப் பழைய நாட்கள் எவ்வளவு சொகுசானவை என்று தெரிகிறது.

ராணிக்குத் தெரியாத பாஷை

தாலிக் கயிற்றில் மஞ்சள்கூட வெளுக்கவில்லை, அதற்குள் முதல் சவாரி. தியாகதுருகம் காசிம் பாயின் சாரட்டு. ராணி என்று ஒரு வெள்ளைக் குதிரை. சிவப்பு வெல்வெட் சீட்டில் என்னை உட்கார வைத்துவிட்டு, மாமா ஒரு கற்பூரத்தை ஏற்றிச் சுற்றிப் போட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச தைரியமும் போய்விட்டது. டவுனைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வரை நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் புளியமரம், முகத்தில் காற்று, குதிரை வேர்வையும் கிரீஸும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் கிரீஸ் டப்பாவைத் திறந்தால் எனக்கு அந்தச் சாலைதான் ஞாபகம் வருகிறது.

கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. ராணி பறந்தாள். எங்கள் குலதெய்வத்தின் பேர்கூட எனக்கு வாயில் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் சொன்ன ஜெபம்தான் வந்தது. "ஹெயில் மேரி! ஃபுல் ஆஃப் கிரேஸ்!" என்று ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். பாய் லகானை இழுத்துப் பிடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "யம்மா, ராணிக்கு இங்கிலீசு தெரியாதும்மா. தமிழ்ல கத்து, நிக்கும்."

எடை போதவில்லை

சங்கராபுரத்திலிருந்து ஒருவர் புது அச்சு மாட்ட வண்டி கொண்டுவந்தார். நான் வழக்கம்போல முகத்தைக் கழுவிக்கொண்டு, சாமி கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு மாமாவிடம் முறையிட்டார். "இன்னாங்க இது? இந்தப் பொண்ணு ஏறனது வண்டிக்கே தெர்ல. நான் தூக்கிக்கினு போற கல்யாணப் பார்ட்டிங்க ஒவ்வொண்ணும் எப்பிடி இருக்கும் தெரியுமா?"

அன்றைக்குப் பார்த்து என் அம்மா பொங்கல் சீர் கொண்டு வந்திருந்தார். என் அம்மா நல்ல ஆகிருதி. மாமா தலையைச் சொறிந்தபடி சம்பந்தியம்மாவைப் பார்த்தார். அதற்கு மேல் சொல்ல அவருக்குக் கூச்சம். அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கஞ்சி போட்ட சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கரும்பையும் மடியில் வைத்துக்கொண்டு ஏறி, ஊர்வலம் போகிற மகாராணி மாதிரி சுகர் மில் ரோடு வரை போய்த் திரும்பினார். வாடிக்கையாளருக்குப் பரம திருப்தி. போகும்போது மாமாவின் காதில் சொன்னார்: "அச்சு கெட்டிதாங்க. உங்க சம்மந்தியம்மா அதைவிட கெட்டி."

ஸ்டேட்டஸ்

ரிஷிவந்தியத்துப் பையன் ஒருவன், அப்பாவின் பழைய வண்டியை ரீல்ஸுக்கு ஏற்ற மாதிரி மாற்றியவன், அந்த வண்டியில் நான் போன முதல் சவாரியை வீடியோ எடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். நான் நைட்டியும் அதன் மேல் துண்டுமாக, மூக்கில் கிரீஸோடு உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிலும் பூ விழுகிறது, பின்னணியில் நாதஸ்வரம். கூடப் படித்தவள் ஒருத்தி போன் பண்ணி, "மறுபடியும் கல்யாணமா?" என்று கேட்டாள். அவனைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "கோச்சிக்காதீங்கக்கா, பூ, மேளம் எல்லாம் செட் பண்ணிட்டேன், மாப்பிள்ளை மட்டும்தான் கிடைக்கல."

வெள்ளிமலைக்குப் போன அச்சு

கல்வராயன் மலையில் சடையன் என்பவர் மட்டக்குதிரை பூட்டிய சின்ன வண்டி வைத்திருந்தார். காட்டில் பிடுங்கின மரவள்ளிக் கிழங்கை லாரி நிற்கிற இடத்துக்கு இழுக்க. "கீழ தார் ரோட்டுல ஓடினா போதுங்களா? எங்க பாதையில ஓட்டிக் காட்டுங்க" என்றார். நியாயம்தான். அச்சை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானும் ஆனந்தனும் வெள்ளிமலை தாண்டிப் போனோம். குளிர்காற்று, சாமைக் கதிர், கீழே பஞ்சு மாதிரி மேகம். எங்களுக்குத் தேனிலவு என்று ஒன்று நடந்திருந்தால் அது அந்த லோடு ஆட்டோவில்தான்.

அச்சை மாட்டி நான் ஏறியதும், வண்டி கல்லும் பள்ளமுமான சரிவில் இறங்கியது. ஆனந்தன் முன்னால் குதிரையோடு நடந்தார். பக்கத்தில் நடந்துவந்த சடையனின் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று குதிரையின் கயிற்றைப் பிடித்து நிறுத்திவிட்டார். சக்கரம் கல்லில் ஏறும்போதெல்லாம் நான் கம்பியைப் பிடிக்காமல் வயிற்றைப் பிடித்தேனாம். எனக்கே அப்போது சந்தேகம்தான், ஆனந்தனிடம்கூடச் சொல்லவில்லை. அந்த அம்மா அவரைப் பார்த்துக் கேட்டார்: "ஒரு ஆளுன்னுதான பேச்சு? ரெண்டு பேர ஏத்திக்கினு வந்திருக்கியே, எறக்கு மொதல்ல."

குழந்தைகள் வண்டி

அதன்பிறகு கொஞ்ச காலம் எனக்குச் சவாரி இல்லை, மாமாதான் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். யாழினி பிறந்ததும் நான் எல்லாவற்றுக்கும் பயப்பட ஆரம்பித்தேன். தொட்டிலுக்கு மேலே ஃபேன், தரையில் லேத் இரும்புச் சீவல், பக்கத்து வீட்டு நாய், கேஸ் சிலிண்டர். போன வாரம்தான் காசிம் பாய் புதிதாக ஒரு யோசனையோடு வந்தார். திருவிழாக்களில் குழந்தைகளை ஏற்றிச் சுற்ற ஒரு குட்டி வண்டி. "புள்ளைங்க ஏறுற வண்டி. மொத சவாரி உங்க வூட்டுப் புள்ளதான் ஏறணும், அதான மொறை?" என்றார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே குழந்தை. மாட்டேன் என்று சொன்னால், எங்கள் அச்சை நாங்களே நம்பவில்லை என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமா, "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டார்.

நேற்றுக் காலையில் புது அச்சு மாட்டிய அந்தக் குட்டி வண்டி வந்து நின்றது. நான் யாழினியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். "ஒரு நிமிசம் பாய்" என்று ஆனந்தன் குனிந்து சக்கரத்தைக் கழற்றினார். பேரிங்கைத் துடைத்துப் பார்த்தார், கிரீஸ் வைத்தார், மாட்டினார். பாய் குதிரையைப் பிடித்துக்கொண்டு கிளம்பத் தயாரானார். "இருங்க" என்று ஆனந்தன் மறுபடி கழற்றினார். கடையாணியை மாற்றினார். அந்தப் பக்கச் சக்கரத்துக்குப் போனார். ஸ்பேனர் அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுத்து, ஏற்கெனவே இறுக்கிய நட்டையே மறுபடி இறுக்கினார். இந்த மனிதர் பயந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. குழந்தையை அவர் கையில் கொடுத்தேன். "நீங்க ஏறுங்க, மடியில வெச்சிக்கோங்க" என்றேன்.

தான் செய்த அச்சின் மேல் ஆனந்தன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பாய் கடிவாளத்தைப் பிடித்து நடக்க, வண்டி தெருமுனை வரை போய்த் திரும்பியது. யாழினி சிரித்துக்கொண்டே வந்தாள். இறக்கப் போனால் சீட்டைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அவள் அப்பா வெளுத்துப்போன முகத்தோடு இறங்கி, நேராகப் போய் ஸ்பேனரை எடுத்து மறுபடியும் சக்கரத்தைக் கழற்றக் குனிந்தார். பாய் வாய்விட்டுச் சிரித்தார். "யோவ், இத்தினி வருசமா உன் சம்சாரத்த ஏத்தி ஏத்தி அனுப்பிக்கினு இருந்தியே, ஒரு வாட்டியாவது இப்பிடிக் கழட்டிப் பாத்தியாய்யா?"

எங்கள் பட்டறையில் இப்போது பயப்படுவதற்கு இரண்டு பேர் இருக்கிறோம், அதனால் அச்சு கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைக்கும், வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.