வானத்தைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு

சுடாமல் நிற்பதற்குச் சம்பளம் வாங்குவதுதான் எங்கள் வேலை. வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நிற்கும் சக காவலர்களே, உங்களிடமும் கேட்டிருப்பார்கள்: "சும்மா, வானத்தைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு." சட்டத்தில் அந்தச் சும்மாவுக்கு இடமில்லை. கண்டபடி சுட்டால் வழக்கு, ஜெயில். லைசென்ஸ் என் பேரில் இருக்கிறது. அது போனால், ராணுவத்திலிருந்து வந்தபின் கிடைத்த இந்தப் பிழைப்பும் போய்விடும்.

குரங்கு வந்த நாள்

எங்கள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக் கிளைக்குள் ஒருநாள் குரங்கு புகுந்து மேனேஜர் மேஜைமேல் உட்கார்ந்துவிட்டது. மனுஷர் நாற்காலிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, "வெளிய போய் மேல பார்த்து ஒண்ணு விடுங்க, ஓடிடும்" என்று கெஞ்சினார். நான் லைசென்ஸ் புராணத்தை ஆரம்பிப்பதற்குள், கூட்டிப் பெருக்கும் அம்முலு மேனேஜருடைய டிபன் பாக்ஸைத் திறந்து ஜன்னலுக்கு வெளியே வைத்தாள். குரங்கு போனது, எனக்கு உயிர் வந்தது. அம்முலு சொன்னாள்: "இதுக்குப் போய் துப்பாக்கி இன்னாத்துக்கு சார்? அதுவும் நாஷ்டாவுக்குத்தான் வந்துகீது."

லத்தியோடு நின்றேன்

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். வங்கிக் காவலுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு உத்தரவு வந்து துப்பாக்கி திரும்பக் கைக்கு வரும்வரை லத்தியோடு நின்றேன். பெரிய அவமானமாகப் பட்டது. அதுவரை என்னைக் கண்டாலே விலகிப் போன ஒரு கம்பெனித் தொழிலாளி அம்மா, அன்றைக்கு நேராக வந்து பாஸ்புக்கை நீட்டினார். அவர் சொன்னதில் மனசு குளிர்ந்துவிட்டது: "அது கைல இருந்தா கேக்கவே பயமா இருக்கும்ணா. இத்த எங்க என்ட்ரி போட்றதுன்னு சொல்லுங்க."

மாப்பிள்ளை அழைப்பு

என் பெண்ணின் கல்யாணம் திருநின்றவூரில். சம்பந்தி பொதட்டூர்பேட்டைக்காரர். மண்டப வாசலில் காரை நிறுத்திவிட்டு, "மிலிட்டரிக்காரர் ஊட்டுக் கல்யாணம். துப்பாக்கிய எடுத்தாந்து ஒண்ணு வெடிச்சாத்தான் புள்ள எறங்குவான்" என்று பிடிவாதமாக நின்றார். மாட்டேன் என்றேன். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். லைசென்ஸா, பெண்ணின் வாழ்க்கையா? துப்பாக்கி இருந்த வீடு பக்கத்துத் தெருதான்.

அப்போது மாப்பிள்ளையே கதவைத் திறந்து இறங்கி, கழுத்தில் மாலையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நன்றியை இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பாவிடம் அவர் சொன்னது இதுதான்: "மாடி பூரா கொழந்தைங்க நின்னு பாக்குது நைனா. குண்டு யார் தலைல வந்து உழும்னு உனக்குத் தெரியுமா? மாமாவ போலீஸ் இட்டுக்கினு போயிட்டா, தாரை வாத்துக் குடுக்கறது யாரு?"

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேனே தவிர, உண்மையில் என் துப்பாக்கிக்கு ஒரு காவலர் அமைந்திருக்கிறார்.