விதானையார் வராத புத்தகம்

என் இளைய மகன் வாகீசன் நெடுந்தீவுப் படகில் ரிக்கற் கிழிக்கிறவன். மிச்ச நேரத்தில் துப்பறியும் கதை எழுதுவான். பதினொரு புத்தகம் வந்துவிட்டது. எனக்கு எழுத்துத் தெரியாது. அவன் பெண்சாதி தர்சினி வாசிப்பாள், நான் கேட்பேன். எல்லாக் கதையிலும் ஊர்த்தலைமை பார்த்து ஓய்வுபெற்ற விதானையார் இளையதம்பி வந்து, எல்லாரையும் கதிரையில் இருத்தி, வெறுந்தேத்தண்ணியை ஊதிக் குடித்துவிட்டு, 'இவன்தான்' என்று விரல் நீட்டுவார். நான் அதற்கு முன்பே ஆளைப் பிடித்துவிடுவேன். இரண்டு தரம் பிழைத்தது. அது அவன் எழுதின பிழை.

மூத்தவன் லவன். ஐந்து வருடத்துக்கு முன், மழை பொய்த்த ஆவணியில், தெற்கு வெளியில் அலையும் காட்டுக் குதிரைகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனவன், கல்லிடுக்கில் கால் முறிந்து விழுந்தான். ஆளரவம் இல்லாத வெளி. ஊர்ந்து ஊர்ந்து அங்கேயிருந்த பூவலடிக்குப் போயிருக்கிறான். பூவல் என்றால் மணலில் தோண்டுகிற தண்ணீர்க் குழி. முழங்கால் ஆழத்தோடு விட்டுவிட வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் தோண்டினால் கீழே கிடக்கிற உப்பு ஏறிவிடும். அந்தப் பூவலை யாரோ இடுப்பளவு தோண்டி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் கண்டெடுத்தபோது பிள்ளையின் உதட்டில் உப்புப் பூத்திருந்தது.

தோண்டினது தானென்று ஒருவரும் சொல்லவில்லை. அன்று தொடங்கி வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயில் வாசலில் மண் அள்ளித் தூற்றினேன்: 'அவன்ரை தாயும் என்னைப்போலை பிள்ளையைப் பறிகுடுக்க வேணும்.'

"விடுங்கோவன் அம்மா" என்று வாகீசன் ஒருநாள் சொன்னான்.

"உன்ரை விதானையாரைக் கொண்டு ஆளைப் பிடிச்சுத் தா, விடுறன்."

இந்தப் பொங்கலோடு பன்னிரண்டாவது புத்தகம் வந்தது. தர்சினி வாசிக்கத் தொடங்கினாள். வெளி, வெயில், கால் முறிந்த ஒருவன், எட்ட நின்று மோப்பம் பிடிக்கிற குதிரைகள். தாள் புரட்டப் புரட்ட, ஒற்றை ஒற்றையாக அதுவே போகிறது. அவன் பிழைப்பானோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

"விதானையார் எப்ப வாறார்?"

"இன்னும் காணேல்லை மாமி."

"கடைசி ஒற்றையைப் பார்."

"அதிலையும் இல்லை."

ஓரிடத்தில் அவள் நிறுத்தி, அதையே திரும்ப வாசித்தாள். தண்ணீர் காவிக் காவி அந்தக் கால் முறிந்தவனின் தோள் புண்ணானதைப் பார்க்க ஏலாமல், குதிரைகள் தாங்களே வந்து குடிக்கட்டும் என்று ஒருவன் பூவலை ஆழமாகத் தோண்டினானாம். லவனின் தோள் புண் வீட்டுக்குள் இருந்த எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பின்னேரம் வாகீசன் ஒரு கட்டுப் புத்தகத்தோடு வந்தான். ஊர்காவற்றுறைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

"ஆளைப் பிடிக்காத கதையை ஆர் வாங்குவினம் எண்டு கேக்கினம் அம்மா."

"நான் பிடிச்சிட்டன்" என்றேன்.

அவன் நிலத்தில் இருந்துவிட்டான்.

"ஆழத் தோண்டினால் உப்பு ஏறுமெண்டு தீவிலை பிறந்த உனக்குத் தெரியாதேடா?"

"தெரியும். இன்னும் ஒரு சாண், இன்னும் ஒரு சாண் எண்டு தோண்டிப்போட்டன். பிறகு வாயிலை விட்டுப் பாத்தால் உப்பு. விடியக் காலமை அண்ணைக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனான். நான் எழும்ப முதல் அவர் போயிட்டார்."

"அஞ்சு வருசமும் நான் திட்டினதைக் கேட்டுக்கொண்டே இருந்தனீ?"

"ஓம். நீங்கள் பிழையாத் திட்டேல்லை அம்மா."

அடுத்த நாளே கோயில் பூசாரியிடம் போனேன். தூற்றின மண்ணைத் திருப்பி எடுக்க வழியிருக்கிறதா என்று கேட்டேன். நான் திட்டின அந்தத் தாய் நான்தான் என்று அவருக்குச் சொல்லவில்லை. "அப்பிடி ஒரு வழி நான் கேள்விப்படேல்லை ஆச்சி" என்றார். இருந்தும் நேர்த்தி வைத்தேன், பொங்கினேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில் போவதில்லை. பக்கத்து வீட்டு ஞானசவுந்தரி வேலியால் எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஆளைப் பிடிச்சாச்சோ?" என்கிறாள். இல்லை என்கிறேன்.

அவன் மேல் கோபம் ஆறவில்லை; ஆறும் என்று பொய் சொல்ல மாட்டேன். சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. கடல் மலைமலையாக எழும்புகிறது. "இண்டைக்குப் படகுக்குப் போகாதை" என்று வாசல் படலையை மறித்து நின்றேன்.

"வாறது வரட்டும் அம்மா" என்று என் கையை மெல்ல எடுத்துவிட்டுப் போனான்.

படகு திரும்பும் மட்டும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.