ஆயா வேலை

ஒன்பது வயதில் நான் மூன்று மாதம் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தேன். தினமும் சாயங்காலம் அக்கா கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து பஸ் இறங்கியதும் என் வலது கையும் வலது காலும் விழுந்துவிடும். சோறு வெந்து அம்மா கூப்பிட்டதும் இரண்டும் சரியாகிவிடும்.

அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அப்பா கரும்பு வெட்டப் போவார், அம்மா மரவள்ளிக்கிழங்கு பிடுங்கப் போவாள், சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. மேலே படிக்க வைக்கும் பேச்சே வீட்டில் எழவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்குப் பழக்கினார்கள். மூன்று மாதம், இலவசம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அப்பா ஒரு நிபந்தனையோடுதான் அனுப்பினார். பாஸ் செய்தால் வேலைக்குப் போகலாம். இல்லையென்றால் பதினெட்டு முடிந்த மறுமாதமே அத்தை மகனோடு கல்யாணம். அத்தை மகன் நல்லவன்தான். அவனைக் கண்டால் அக்காவுக்குக் கொட்டாவி வரும், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அந்தப் படிப்பில் கல்லாக உறுத்தியது ஒரே ஒரு சொல். தெருவில் யாராவது, "இன்னாப்பா, பொண்ணு ஆயா வேலைக்குப் போவுதாமே?" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிட மாட்டார். ஆஸ்பத்திரியில் கூட்டிக் கழுவுகிற பெண்களை ஆயா என்று அதட்டிக் கூப்பிடுவதை அவர் கேட்டிருக்கிறார். எனக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. எங்கள் பக்கத்தில் அப்பாவைப் பெற்றவளும் ஆயா, அம்மாவைப் பெற்றவளும் ஆயா. என் ஆயாக்கள் இருவரும் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்கள். ஆகவே அக்கா மூன்று மாதம் படித்து ஆயாவாக மாறி வரப்போகிறாள் என்றே நான் புரிந்துகொண்டேன். அவளுக்குத் தலை பின்னும்போது நரைமுடி தேடினேன்.

"இன்னாடி, பேன் பாக்கறியா?" என்றாள்.

"இன்னும் ஒண்ணுகூட வரலக்கா" என்றேன், கவலையோடு.

நரை வரவில்லையே தவிர, அவளுக்கு மந்திரம் கைவந்துகொண்டிருந்தது. அவள் பழகிப் பார்க்கும் நோயாளியாக நான் பாயில் படுத்திருப்பேன். எனக்குக் கீழே அம்மாவின் பழைய புடவை விரித்திருக்கும். என்னை எழுப்பாமல், தூக்காமல், அந்தப் புடவையை எடுத்துவிட்டு வேறு புடவை விரித்துவிடுவாள். ஒரு பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, பழையதை முதுகோரமாகச் சுருட்டி, புதியதைப் பாதி விரித்து, மெல்ல மறுபக்கம் திருப்பி ஓர் இழுப்பு. கண்ணைத் திறந்தால் சிவப்புப் புடவை போய்ப் பச்சைப் புடவை இருக்கும். எத்தனை முறை பார்த்தும் எனக்குப் பிரமிப்பு தீரவில்லை. எங்கள் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி, யாரும் நம்பாததால் வீட்டு ஆட்டுக்குட்டியைச் சாக்கின் மேல் படுக்க வைத்து நானே செய்துகாட்டினேன். ஆட்டுக்குட்டிக்குப் பக்கவாதம் வந்ததாக நடிக்கத் தெரியவில்லை. முட்டியில் அதன் குளம்பு கீறிய தழும்பு இன்றும் இருக்கிறது.

பரீட்சை ஒரு முதியோர் இல்லத்தில் நடந்தது. வீட்டுப் பெரியவர்கள் வந்து பார்க்கலாம் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முதியவரை ஒரு மணி நேரம் கவனிக்க வேண்டும். கண்ணாடி போட்ட ஓர் அம்மா, அட்டையும் பேனாவுமாகப் பக்கத்திலேயே நின்று, செய்வதைப் பார்த்துப் பார்த்து டிக் போடுவார். பார்க்காததற்கு டிக் கிடையாது.

அக்காவுக்கு வந்தவர் திருநெல்வேலிப் பக்கத்து வயதான அம்மா. பெரிய ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர். மகனுக்கு இந்தப் பக்கம் மாற்றல் ஆனதால் புதிதாக வந்து சேர்ந்திருந்தார். அவருக்கு நிஜமாகவே வலது கையும் காலும் விழுந்திருந்தன. கழுத்து வரை போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அக்கா குனிந்து, தன் வாயில் இருந்த மிக மரியாதையான, மிகப் பிரியமான சொல்லை எடுத்தாள். "ஆயா, கொஞ்சம் திரும்பிப் படுக்கறீங்களா?"

"யாரு ஆயா?" என்று படுத்திருந்த அம்மா கத்திய கத்தலில் வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எத்தனை பேர் எனக்கு எழுந்து நின்னிருக்காங்க தெரியுமா? வேலைக்கு வந்த நீதான் ஆயா. தொடாதே என்னை!"

பேனா நின்றுவிட்டது. அப்பாவின் முகம் சுண்டிப்போனது. எந்தச் சொல்லுக்குப் பயந்தாரோ அது இத்தனை பேர் முன்னால் மகள் மேல் வந்து விழுந்தது. எனக்கு அத்தை மகன் மாலையும் கழுத்துமாகத் தெரிந்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா அழவில்லை. எங்கள் ஊரில் ஆயா என்றால் பாட்டி, உங்கள் ஊரில்தான் வேலைக்காரி என்று விளக்கம் சொல்லவும் இல்லை. போர்வையின் ஓரத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அட்டை வைத்திருந்த அம்மாவைப் பார்த்து, "நீங்க எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள்.

"நான் பாக்கணும்மா. இது எக்ஸாம்" என்றார் அவர்.

"பரவால்லங்க. வெளிய இருங்க."

எல்லோரையும் அனுப்பிக் கதவைச் சாத்தினாள். கதவுக்குப் பின்னால் நின்ற என்னை அப்போதுதான் பார்த்தாள். திரும்பத் திறக்க அவளுக்கு மனமில்லை. "செவுத்த பாத்துக்கினு நில்லு. திரும்புன, அவ்ளோதான்" என்றாள்.

சுவரில் மயில் படம் போட்ட காலண்டர் தொங்கியது. நான் அந்த மயிலைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு திரும்பினேன்.

படுக்கை நனைந்திருந்தது. ஆபீசர் அம்மா இடது கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் போல நான்கு மடங்கு இருப்பார். அக்கா அவரைத் திருப்பியபோது ஒரு சின்ன முனகல்கூட எழவில்லை. உலர்ந்த துணியால் மூடிக்கொண்டே ஈரத்தை உருவினாள், மூடிக்கொண்டே துடைத்தாள், அவர் உடம்பு ஒரு விரற்கடைகூட வெளியே தெரியவில்லை. வாய் பாட்டுக்கு வேறு கதை சொன்னது. "வூட்ல என் தங்கச்சியும் மூணு மாசமா இப்பிடித்தான் மேடம் படுத்துக்கினு இருக்கா. ஆறரைக்கு வாதம் வரும், சோறுன்னா எழுந்துடுவா." முகத்தை மூடியிருந்த கைக்குக் கீழிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஓர் இழுப்பு. வெள்ளை விரிப்பு சுருக்கமில்லாமல் படிந்தது. ஈரத்துணி வாளிக்குள் போனது, அதன் மேல் துண்டு மூடியது. அக்கா அவர் தலையைச் சீவி, கன்னத்தைத் துடைத்தாள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு இதெல்லாம் முடியும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

அப்போது எனக்கு வேறொரு ஆதங்கம். இத்தனை பெரிய வித்தையை யாருமே பார்க்காதபடி கதவைச் சாத்திவிட்டாளே!

கதவு திறந்ததும் அட்டைக்கார அம்மா விரிப்பைப் பார்த்தார், வாளி மேலிருந்த துண்டைப் பார்த்தார், படுத்திருந்தவரின் முகத்தைப் பார்த்தார். விறுவிறுவென்று எல்லாவற்றுக்கும் டிக் போட்டார்.

"பாக்காமலே எப்பிடிங்க பாஸு?" என்று அப்பாதான் கேட்டார்.

"எங்களை வெளிய அனுப்பாம இருந்திருந்தாத்தாங்க ஃபெயில் போட்டிருப்பேன்."

ஆபீசர் அம்மா யாரையும் பார்க்காமல், "தலைக்கு எண்ணெய் ஜாஸ்தி வச்சுட்டா" என்றார். கொஞ்சம் விட்டு, "நாளைக்கும் இவளையே அனுப்புங்க" என்றார். அக்காவின் முதல் வேலை அங்கேயே கிடைத்தது. அத்தை மகன் அடுத்த வருஷம் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான், அவளுக்குக் கொட்டாவி வருவதாகத் தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பிய சங்கராபுரம் பஸ்ஸில் எங்கள் தெருக்காரர் ஒருவர் இருந்தார். "இன்னாப்பா, ஆயா வேலை இன்னா ஆச்சு?" என்றார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "எம்பொண்ணு பரீட்ச வக்கிற ஆபீசரயே வெளிய நிக்க வச்சி கதவ சாத்திட்டாப்பா!" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார். உள்ளே நடந்ததைச் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

"அந்தம்மா பெட்டுலயே..." என்று ஆரம்பித்தேன்.

அக்காவின் கை என் வாயை மூடியது. சோப்பு வாசனை அடித்தது. காதருகே குனிந்து, "நீ செவுத்தத்தான பாத்துக்கினு இருந்த?" என்றாள்.

தலையாட்டினேன்.

"செவுத்துல இன்னா இருந்துச்சி?"

"மயிலு."

"அத சொல்லு."

வித்தைக்காரர்கள் சூட்சுமத்தை வெளியே விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நான் வித்தைக்காரியின் தங்கை. அவளுடைய ரகசியத்தைக் காக்கிறோம் என்ற பெருமையில், வகுப்பில் கேட்டவர்களுக்கும் தெருவில் கேட்டவர்களுக்கும் வருஷக்கணக்காக அந்த மயிலையே விவரித்தேன். அது யாருடைய ரகசியம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். அந்த அம்மா யார், பெயர் என்ன என்று நீங்கள் கேட்டால், மயிலுக்குத் தோகை நீலம் என்று சொல்வேன்.