குதிருக்குள் ஒரு பகல்

ராசிங்காபுரத்திலிருந்து போடிக்கு என்னைக் கட்டிக்கொடுத்தபோது, கூப்பிடு தூரம்தானே, நினைத்தால் வந்துவிட்டுப் போகலாம் என்று என் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். தூரம் என்னவோ அவ்வளவுதான். ஆனால் தலைத் தீபாவளிக்கு ஒரு தரமும் பிரசவத்துக்கு ஒரு தரமும் போனதைத் தவிர, நான் அந்தப் பாதையைக் கண்ணால் பார்க்கவில்லை. ஜெர்மன் சண்டைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஊரில் பேச்சாக இருந்த காலம் அது. அந்தப் பேச்சுகூட எங்கள் வீட்டுக்குள் பழசாகித்தான் வந்து சேரும்.

வீட்டில் என் மாமியார், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, நான். அந்த அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். கலியாணமாகி மறு வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தாய் வீட்டுக்கு வந்தவர். மாமனார் நான் வருவதற்கு முன்பே மலைக்காய்ச்சலில் போய்விட்டார். ஊருக்கு மேற்கே கொஞ்சம் நஞ்சை, குரங்கணிக்கு மேலே ஒரு ஏலக்காட்டுத் துண்டு. ஆடி பிறந்தால் வீட்டுக்காரர் மலைக்குப் போய்விடுவார். காய் எடுத்து, புகைபோட்டுக் காயவைத்து, மாதத்துக்கு ஒரு தரம் பொதிமாட்டோடு இறங்குவார். அவர் துணியை அலசினால் தண்ணீரெல்லாம் ஏலக்காய் மணக்கும்.

கிணறு கொல்லையிலேயே இருந்தது. அதைப் பெரிய பாக்கியம் என்று எல்லாரும் சொல்லுவார்கள். தண்ணீர் எடுக்கிற சாக்கில்கூட நான் தெருவைப் பார்க்க முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. கிணற்றடியில் நின்றால் கொல்லைச் சுவருக்கு மேலே மலை ஒரு துண்டு தெரியும். அவர் அங்கேதான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வாளியை இறக்குவேன்.

மலையிலிருந்து இறங்குகிற அன்றைக்கு அவர் நேரே வீட்டுக்கு வரமாட்டார். சந்தைப் பக்கத்தில் புதிதாக ஒரு காப்பிக் கிளப் வந்திருந்தது. அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். பெஞ்சுப் பலகை, சுவரில் ஆளுயரக் கண்ணாடி, ஆவி பறக்கிற இட்லி, பித்தளைத் தம்ளரில் நுரைக்க நுரைக்கக் காப்பி என்று வந்து சொல்லுவார். நான் கதை கேட்கிற மாதிரி கேட்பேன். பொம்பளைகள் அங்கே வருவார்களா என்று ஒரு தரம் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்கழி கடைசியில் வீடு தலைகீழாகிவிடும். பொங்கலுக்கு முன்னால் ஒட்டடை அடித்து, கரி தேய்த்து, சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பானை சட்டி, பாய், உரல், தொட்டில் எல்லாம் கொல்லைக்குப் போகும். பழைய அடுப்பை இடித்து, புதுமண் குழைத்து வேறு அடுப்புப் போட்டுக் காயவிடுவோம். அதனால் இரண்டு நாளைக்குச் சமையல் கிடையாது. பழையதும் ஊறுகாயும்தான். எல்லாவற்றிலும் பெரிய வேலை நெல் போட்டுவைக்கிற குதிரைச் சுத்தம் செய்வது.

உள்ளறையில் ஆளைவிட உயரமான மண் குதிர் ஒன்று இருந்தது. வட்ட உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பூசி, மேலே வாய் குறுகலாக, அடியில் நெல் தள்ளுவதற்குக் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டையோடு. அடியில் கிடக்கிற பழைய நெல்லை வாரிவிட்டு, ஒரு ஆள் உள்ளே இறங்கி, பூச்சி புழு இல்லாமல் கூட்டி, சாணி மெழுகிவிட்டு வரவேண்டும். ஒல்லியான ஆள்தான் அந்த வாயில் நுழைய முடியும். வந்த முதல் வருஷம் நான்தான் இறங்கினேன். அடுத்த மார்கழியில் முழுகாமல் இருந்ததால் பக்கத்து வீட்டுப் பெண்ணை இறக்கினார்கள். இந்த வருஷம் அவளையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. எனக்கு ஆனியில் பெண் பிறந்திருந்தாள். தவழுவதற்கு எம்பிக்கொண்டிருந்த பருவம்.

மாமியார் ஏணியைச் சாத்திவிட்டு, வெரசா இறங்கிவிட்டு வந்துவிடு, பிள்ளைக்குப் பால் கொடுக்கணுமில்ல என்றார். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு என் உடம்பு பழைய உடம்பாக இல்லை என்று எனக்குத் தெரியும். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று தெரியவில்லை. ஏணியில் ஏறிக் காலை உள்ளே விட்டேன். இடுப்பு பிடித்தது. மூச்சை இழுத்துக் கையைத் தூக்கினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே விழுந்தேன்.

உள்ளே இருட்டு. பழைய நெல்லின் சொணை உடம்பெல்லாம் அரித்தது. மேலே வட்டமாகக் கொஞ்சம் வெளிச்சம், அதில் மதினியின் முகம். அவர் கயிற்றில் கட்டி இறக்கின சாணிச் சட்டியை வாங்கி, கூட்டி, மெழுகி முடித்துவிட்டுக் கையை மேலே நீட்டினேன். ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். மார்பு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. குதிர் வாயின் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கும். இறங்கும்போது வழிவிட்ட அதே விளிம்பு ஏறும்போது விலாவில் குத்திப் பிடித்துக்கொண்டது. விளக்கெண்ணெய் ஊற்றி மறுபடி இழுத்தார்கள். தோள்பட்டையில் என்னவோ பிசகியது. விட்டுவிடுங்கள் என்று கத்திவிட்டேன். விட்டார்கள். மெழுகின ஈரத்தில் போய் உட்கார்ந்தேன்.

வெளியே அவர்கள் பேசுவது குதிர்ச் சுவர் வழியாக, ஏதோ அடுத்த ஊரில் பேசுகிற மாதிரி கேட்டது. உடைத்துவிடலாம் என்றார் மதினி. மாமியார் அந்த வார்த்தையையே எடுக்கக்கூடாது என்றார். தை பிறக்கப்போகிற நேரத்தில், புது நெல் வருகிற நேரத்தில், லட்சுமி இருக்கிற இடத்தை உடைப்பதா. அவருக்குப் பயம் இருந்தது. முன்னே இதன் பக்கத்தில் ஒரு சின்னக் குதிர் இருந்ததாம். அது விரிசல்விட்டு உடைத்துப்போட்ட மாதம்தான் மாமனார் காய்ச்சலில் படுத்தார். மகனும் இப்போது அதே மலையில்தான் இருக்கிறான். குரங்கணிக்குப் போகிற பொதிமாட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பியிருப்பதாகவும், விடிந்தால் மகன் வந்துவிடுவான், அவன் வந்து எது செய்தாலும் செய்யட்டும் என்றும் சொன்னார்.

விடிந்தால் என்றால் அந்த ராத்திரி முழுக்க நான் உள்ளேதான். அப்போது உச்சிப் பொழுதுகூட ஆகவில்லை.

எனக்கு எதிர்த்துச் சொல்லிப் பழக்கமில்லை. காலை நீட்ட இடம் கிடையாது. முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் முதுகு ஒரு பக்கச் சுவரிலும் கால்விரல் மறு பக்கச் சுவரிலும் இடித்தது. ஒரு கலயத்தில் நீராகாரம் இறக்கினார்கள். குடித்தேன். சுண்ணாம்பு அடிக்கிற மட்டையின் சத்தம் அடுத்த அறையில் கேட்டது. நான் உள்ளே இருக்க, வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தது.

அப்புறம் பிள்ளை அழ ஆரம்பித்தாள்.

முதலில் சிணுங்கல். மதினி தோளில் போட்டு நடந்தார். சங்கில் பசும்பால் ஊற்றிப் பார்த்தார்கள், துப்பிவிட்டாள். பிறகு அடிவயிற்றிலிருந்து அழுதாள். சத்தம் கேட்கக் கேட்க எனக்குப் பால் கட்டி, தானாகவே இறங்கிச் சேலை நனைந்தது. நிறுத்த முடியவில்லை. மதினி பிள்ளையைக் கொண்டுவந்து குதிரின் அடி ஓட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் கையை வெளியே விட்டேன். பிள்ளையின் பாதம் அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டேன். என் கை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் அழுகை நின்றது. ஆனால் பாதத்தைப் பிடித்தால் பசி ஆறுமா? மறுபடி தொண்டை கிழிந்தது.

அப்போதுதான் மாமியாருக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைக்கு அந்த வாய் தாராளமாயிற்றே. சேலையில் தூளி கட்டி இறக்கிவிடலாம். குடித்ததும் தூக்கிக்கொள்ளலாம். ராத்திரிக்கும் அப்படியே செய்துகொள்ளலாம். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பேத்தி பசியாறவேண்டும், குதிரும் நிற்கவேண்டும், அவ்வளவுதான். ஏணி சாத்துகிற சத்தம் கேட்டது. மேலே வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு தூளி வந்தது. அதற்குள் என் பிள்ளை கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் எனக்குள் என்ன ஆனது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து நின்று, இரண்டு கையாலும் தூளியை மேலே தள்ளினேன்.

“வேண்டாம் அத்தை. எம்புள்ளைய இதுக்குள்ள எறக்க வேண்டாம்.”

“பச்சப்புள்ள பட்டினியாக் கெடக்கட்டுங்கிறியா?”

“கெடக்கட்டும். இதுக்குள்ள வர வேண்டாம்.”

மாமியாரை எதிர்த்து நான் பேசின முதல் பேச்சு அது. தூளி மேலே போனது. பிள்ளையை மாமியார் வாங்கிக்கொண்டார் போலிருக்கிறது, ஏனென்றால் மதினி நடந்து போகிற சத்தமும், கொல்லையில் என்னவோ உருளுகிற சத்தமும், அவர் திரும்பி வருகிற சத்தமும் கேட்டன. அடி ஓட்டைக்குக் குனிந்து அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“ஆத்தா, சுவத்துப் பக்கமா ஒதுங்கி மூஞ்சிய மூடிக்க.”

உலக்கையின் முதல் அடி விழுந்தபோது குதிர் மொத்தமும் என் பல்லுக்குள் அதிர்ந்தது. மாமியார் என்னவோ சொன்னார். இரண்டாவது அடிக்கு விரிசல். அப்புறம் மண் பெயர்ந்து என் காலில் விழுந்தது. அவர் நிறுத்தவே இல்லை. நான் வெளியே வருகிற அளவுக்கு வழி ஆன பிறகும் இன்னும் இரண்டு மூன்று போடு போட்டார். புழுதிக்குள் தவழ்ந்து வெளியே வந்தேன். மாமியார் பிள்ளையை என் மடியில் வைத்தார். இடிந்த மண் மேலேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன். அவள் விக்கி விக்கிக் குடித்தாள்.

மாமியார் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வீட்டில் பழையதும் தீர்ந்திருந்தது. அடுப்பு ஈரம். எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. மதினி என் முகத்தைத் துடைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வா என்றார். கொல்லைக் கதவைத் திறந்து சந்துக்குள் இறங்கினோம். வெள்ளைச் சேலையை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். பட்டப்பகலில் அவர் வெளியே நடந்து நான் பார்த்ததில்லை.

போனது அந்தக் காப்பிக் கிளப்புக்குத்தான். முன்பக்கம் அல்ல, பின்பக்கம். கடைக்காரர் எங்களைப் பார்த்துத் திகைத்துவிட்டார். உள்ளே வரச் சொல்லவும் முடியாமல், போகச் சொல்லவும் மனமில்லாமல், பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு சாக்கை விரித்துப்போட்டார். இலையில் இட்லி வந்தது. வீட்டுக்காரர் சொன்ன கண்ணாடியை நான் பார்க்கவில்லை. தொங்கவிட்டிருந்த சாக்குத் திரைக்கு அடியில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆம்பிளைகளின் கால்கள் வரிசையாகத் தெரிந்தன. எதிரே கரி பிடித்த சுவர். எங்களுக்கும் அந்தக் கால்களுக்கும் நடுவில் ஒரு சாக்குதான். அதைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இட்லி நன்றாக இருந்தது. பசிக்கு எதுவும் நன்றாக இருந்திருக்கும். காப்பி கசந்தது. ஆனாலும் மீதம் வைக்கவில்லை.

மதினி நிதானமாகச் சாப்பிட்டார். நடுவில், என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“கலியாணத்துக்கு முன்னாடி நாந்தான் அதுக்குள்ள எறங்குவேன். எனக்குப் புடிக்கும். உள்ள இருந்தா ஒருத்தரும் சோலி சொல்ல மாட்டாக.”

பிள்ளை தூங்கிப்போயிருந்தாள்.

மறுநாள் விடிந்து வீட்டுக்காரர் வந்தார். உள்ளறையில் எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவைக் கேட்டார். எலி குடைந்து அடி இற்றுப்போயிருந்தது, தானாகச் சரிந்துவிட்டது என்றார் மாமியார். எங்கள் இருவர் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டு வலிக்கிறதா என்று கேட்டார், குளித்தார், புதுக் குதிருக்கு ஆள் சொல்லப் போனார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பொங்கலும் வந்தது, புது நெல்லை மூட்டையாகவே அடுக்கினோம். தை பாதியில் அவர் மறுபடி மலைக்குப் போனார்.

ஆனால் கிளப்புக்குப் போனது ஊருக்குத் தெரிந்துவிட்டது. பொட்டிபுரத்திலிருந்து மாமியாரின் அண்ணன் வந்து சத்தம்போட்டார். விதவையும் வீட்டு மருமகளும் எச்சில் இலை போடுகிற இடத்தில் உட்கார்ந்து தின்றார்கள் என்று ஊர் பேசுகிறதாம். அவர் போன பிறகு கொல்லைக் கதவுக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவி மாமியார் இடுப்பில் ஏறியது. அந்தச் சந்துக்குள் நான் மறுபடி கால் வைக்க மாமியாரின் காலம் முடிய வேண்டியிருந்தது. அதற்குள் எனக்கு இன்னும் மூன்று பிள்ளைகள் ஆகிவிட்டன.

அந்த மாசியில் ஒரு மத்தியானம், மதினி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நானும் மாமியாரும் முறத்தை வைத்துக்கொண்டு ஏலக்காய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். கையை நிறுத்தாமலே மாமியார் கேட்டார், அந்தக் கடைச் சட்னிக்குத் தேங்காய் அரைத்திருந்தானா, பொட்டுக்கடலையா என்று.

இரண்டும்தான் அத்தை என்றேன். கடுகு தாளித்திருந்தானா என்றார். ஆமாம் என்றேன். இட்லி எவ்வளவு பெரிசு என்றார். கையை விரித்துக் காட்டினேன். உள்ளே பெஞ்சு போட்டிருக்கிறதாமே, கண்ணாடி இருக்கிறதாமே என்று கேட்டார். நாங்கள் அதையெல்லாம் பார்க்கவில்லை, பின்னாலேயே உட்கார்ந்திருந்தோம் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு முறத்திலிருந்து அடுத்த காயை எடுத்தார்.