ஆண் ஜாதிக்காய்

போன வாரம் திருக்காட்டுப்பள்ளிக்குப் போயிருந்தேன். சூசை அண்ணனின் மூத்த மகள் ஜெசிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. வாசலிலேயே பிரசவ லேகிய வாசனை. உள்ளே கிண்டிக்கொண்டிருந்தது யார் தெரியுமா? அண்ணன்தான்.

காப்பி கூடப் போடத் தெரியாத மனிதர்... கரண்டியை யாரிடமும் தர மாட்டேன் என்கிறார். காரணம், ஒரு ஜாதிக்காய்.

ஜெசி பள்ளிக்கூடம் போன காலத்தில், காவிரிப் படுகையில் இருக்கும் தென்னந்தோப்பில் ஒரு ஜாதிக்காய் விதையை ஊன்றினார் அண்ணன். மகளின் பிரசவ லேகியத்தில் நம் மரத்துக் காய்தான் சேர வேண்டும் என்று ஆசை. ஆனால் ஜாதிக்காயில் ஒரு சங்கடம் உண்டு. ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. காய்ப்பது பெண் மட்டும். பூக்கிற வரை எது என்னவென்று தெரியாது.

போன வருடம் பூத்தது. பூவைப் பிளந்து, போனில் ஒரு வீடியோவோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஆண் மரம்.

அண்ணனுக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். அவர்கள் பிறந்தபோது 'மறுபடி பொண்ணா' என்று உச்சுக்கொட்டிய அதே சொந்தக்காரர்கள் மரத்தைப் பார்த்து, "அடடா, ஆணாப் போச்சே" என்றார்கள். இவர்களை எதைக் கொண்டு திருப்திப்படுத்துவது?

"வெட்டிட்டு வேற வைக்கிறேன்" என்று கோடாலியை எடுத்தார் அண்ணன். தடுத்தது அவர் மனைவி லூர்து அக்கா.

"ஜெசி மாசமா இருக்கா. இந்த நேரத்துல பச்ச மரத்துல கை வைக்கக் கூடாதுங்க. அவ பெத்துப் பொழைச்சு எழுந்திரிக்கட்டும்."

அண்ணனுக்கு இந்த வழக்கத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் மகள் விஷயம்... ரிஸ்க் எடுப்பாரா? கோடாலி கொட்டகைக்குத் திரும்பியது.

பிரசவம் நெருங்கியது. மளிகைக் கடையில் ஜாதிக்காய் வாங்க அண்ணன் அரைமனதாகக் கிளம்பிய நேரம், பக்கத்துத் தோப்பு கோவிந்தராஜன் வந்து நின்றார். கை நிறைய, பழுத்து வெடித்த ஜாதிக்காய்.

"எங்க மரம் வருஷா வருஷம் சும்மா பூத்து உதிரும்ணே. சுத்துவட்டாரத்துல ஆண் மரமே கெடையாது. உங்க மரம் பூத்துச்சு, இப்பத்தான் காய்ச்சிருக்கு. மொதக் காய் உங்களுக்கு. மரத்த மட்டும் வெட்டிடாதீங்க."

பூ பழமாகிற காலமும் பிள்ளை சுமக்கிற காலமும் ஏறக்குறைய ஒன்றுதானாம்.

அண்ணன் கொட்டையைத் தடவித் தடவிப் பார்த்தாராம். "அப்ப... இது நம்ம மரத்துக் காய்தானே லூர்து?"

"பின்ன?"

மனிதர் அழுதேவிட்டார் என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கேட்ட எனக்கும்.

நான் கிளம்பும்போது பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் குழந்தையைப் பார்க்க வந்தார். வாசலிலேயே வழக்கமான கேள்வி — "பேரப்பிள்ளை ஆணா, பொண்ணாங்க?"

அண்ணன் கிண்டுவதை நிறுத்தாமல் பதில் சொன்னார்: "நல்லா இருக்குங்க."