தீ வைத்துக் கொடுத்த கேக்

மதினியும் நானும் எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வேலைக்காரிகள். சீசன் முடிந்து சென்னைக்குப் போனபோது, பெரிய கடையில் ஒரு இனிப்பாவது சாப்பிட வேண்டுமென்று மத்தியானச் சோற்றைத் தவிர்த்தோம். ஒரே ஒரு சாக்லேட் கேக் சொன்னோம்.

பரிமாற வந்தவர் அதன்மேல் எதையோ ஊற்றிப் பற்றவைத்தார். நீலமாய்ச் சுடர் எழுந்தது. மதினி ஒரு கையால் என்னைப் பின்னால் தள்ளி, மறுகையால் தண்ணீரைக் கேக்கில் கொட்டிவிட்டார். கடையே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

"ஒனக்கு ஒண்ணும் படலையே தாயி?" என்றார் மதினி.

"வேற கொண்டு வரேம்மா" என்றார் பரிமாறியவர்.

"இதுவே போதும்ணே" என்றேன்.

நனைந்தும் அப்படியொரு ருசி. வழித்துச் சாப்பிட்டோம்.

தீ என்றால் திரும்பிப் பார்க்காமல் ஓடு என்றுதான் கம்பெனியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மதினி ஓடவில்லை.